மீனுக்கும் இருட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு மீன்தொட்டி பற்றிய உங்கள் கட்டுரையில் விளக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! நான் முதலில் மாட்டியது குண்டு பல்பு. தண்ணீர் சூடேறியதுதான் மிச்சம். இப்போது எல்.இ.டி. தினமும் 8 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரியவிட்டால் கண்ணாடியெல்லாம் பாசிதான். மீனுக்கு இமை கிடையாது. ஒருநாள் கும்மிருட்டில் சட்டென்று விளக்கைப் போட்டேன், என் நியான் டெட்ரா மீன் ஒன்று மிரண்டு கண்ணாடியில் போய் மோதியது. அதன் பிறகு, விடிந்து அரை மணி நேரம் கழித்து எரியும்படி டைமர் வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க நீல விளக்கு எரிவது அழகுதான், நம் கண்ணுக்கு! அப்புறம், விளக்கின் வயர் பிளக்கைவிடச் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இப்படிக்கு,
மூன்று தொட்டிகளோடு மல்லுக்கட்டும் வாசகி