தம்பி, உங்கள் அறிக்கையின் 11-ஆம் பக்கம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அன்றைக்கு உங்கள் கட்சியின் வரித் திட்டம் பற்றிய விவாதம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நீ வாசலிலேயே நின்று, "அக்கா, நீங்களே இப்படிப் பேசுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை" என்றாய். அந்த 'நீங்களே' இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் வரியைப் பற்றி யாராலும் உருப்படியாகப் பேச முடியாது, நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். உன் கட்சிக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் எதிர்ப்பது உங்கள் கட்சி அறிக்கை முழுவதையும் இல்லை, 11-ஆம் பக்கத்தை மட்டும்தான். வருமானம் எவ்வளவானாலும் எல்லோருக்கும் ஒரே விகிதமாக 20 சதவீத வரி. சிறியவர் பெரியவர் என்று பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் நாட்டின் சராசரி வருமானத்தில் கால் பங்கு மாதாமாதம் கையில் பணமாக. அதற்குப் பதிலாக இப்போதுள்ள உதவித்தொகைகள் எல்லாம் ரத்து. மூன்றே வரி. படிக்கிறவருக்கு உடனே புரிகிறது, அது சின்ன விஷயம் இல்லை. பெரிய கட்சிகளின் அறிக்கையில் வரி பற்றிய பகுதியைப் படித்து முடித்தால் என்ன சொல்ல வந்தார்கள் என்றே பிடிபடாது.

எல்லோருக்கும் கொடுப்பது என்பதில் நான் உன் பக்கம். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் மேசையில் ஆறு வருடம் வாரக் கடைசிகளில் உட்கார்ந்திருக்கிறேன், அது உனக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பெண் சம்பளச் சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்தார், மடிப்பில் கிழிந்து எண்கள் பாதி தெரியவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி: வாரத்தில் இன்னும் ஒரு ஷிப்ட் தருகிறேன் என்கிறார்கள், வாங்கினால் உதவித்தொகை நின்றுவிடுமா? கூட்டிப் பார்த்தேன். நிற்கும். ஷிப்டில் வருவதைவிட உதவித்தொகையில் போவது அதிகம். நான் அடிக்கோடு போட்ட எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, "அப்போ வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று எழுந்து போனார். உழைக்க வந்தவரை உழைக்காதே என்று திருப்பி அனுப்பும் விதியை என் கையாலேயே கணக்குப் போட்டுக் காட்டிய நாள் அது. வருமான வரம்பு வைத்துக் கொடுக்கும் திட்டங்களில் இந்தப் பள்ளம் எங்காவது ஓரிடத்தில் வந்துவிடுகிறது. மொத்தமாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தாலும், கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100-லும் 60, 70 கையைவிட்டுப் போகும்படி அமைந்துவிடுவது உண்டு. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, யாரும் யாரிடமும் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

"சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள்" என்று அன்று பின்வரிசையில் ஒருவர் சொன்னாரே, அதை நானும் ஏற்கவில்லை. பின்லாந்தில் 2017, 2018 இரண்டு ஆண்டுகள் வேலையில்லாத 2,000 பேரைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள், வேலை கிடைத்தாலும் அந்தப் பணம் நிற்காது என்ற உறுதியோடு. யாரும் வேலையைக் கைவிட்டு ஓடவில்லை. வேலை செய்த நாட்கள் மற்றவர்களைவிட ஓரளவு கூடத்தான் செய்தன, மனச்சோர்வு குறைந்தது. ஆனால் ஒன்று, அது 2,000 பேருக்கான சோதனை, அந்தப் பணத்தைத் திரட்ட யார் மேலும் புது வரி போடவில்லை. உங்கள் பக்கம் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

கணக்கைப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமும் வேண்டாம், சராசரி வருமானம் 100 என்று வைத்துக்கொள். ஒவ்வொருவருக்கும் 25 கொடுக்கிறாய். 20 சதவீதம் வசூலித்தால் சராசரியாக ஒருவரிடமிருந்து வருவது 20. அதாவது 100 சம்பாதிக்கும் சராசரி மனிதர் 20 கட்டிவிட்டு 25 வாங்கிக்கொண்டு போகிறார். சராசரி மனிதருக்கே 5 மிச்சம் என்றால், நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கும்போது ஆளுக்கு 5 துண்டு விழுகிறது என்றுதானே பொருள்? இதில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, நீதிமன்றம் எதற்கும் இன்னும் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. சராசரியில் எத்தனை சதவீதத்தை எல்லோருக்கும் கொடுக்கிறாயோ, மொத்த வருமானத்தில் அத்தனை சதவீதம் அதற்கே வேண்டும். இதில் தப்பிக்க வழியே இல்லை. மொத்த வருமானமும் வரிக்குள் வருவதில்லை என்பதையும் சேர்த்தால் துண்டு இன்னும் பெரிதாகும்.

"மற்ற உதவிகளை நிறுத்துகிறோமே, அது மிச்சமாகாதா?" என்று கேட்டாய். செலவு குறையும், சரி. ஆனால் மேலே உள்ள கணக்கில் நான் அந்தச் செலவைச் சேர்க்கவே இல்லையே, வேறு எந்தச் செலவும் இல்லை என்று வைத்தே 5 குறைகிறது. "மறைமுக வரி இருக்கிறதே" என்று உன் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வரி, இருக்கிறது. ஆனால் வாங்கியதை அப்படியே செலவழிப்பவர் ஏழை, பாதியைச் சேமிப்பவர் வசதியானவர். பொருள்களின் மேல் வரியைக் கூட்டி இந்தத் துண்டை அடைத்தால், மாதம் முதல் தேதியில் ஏழைக்குக் கொடுத்ததில் ஒரு பங்கைக் கடைசித் தேதிக்குள் கடைக்காரர் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள்.

ஒரே விகிதம் என்றாலே பணக்காரருக்குச் சாதகம் என்று நான் மேடையில் சொன்னது அவசரப் பேச்சு, அதைத் திருத்திக்கொள்கிறேன். எல்லோருக்கும் ஒரு தொகை சேர்ந்து வந்தால் ஒரே விகிதமும் ஏழைக்குச் சாதகமாகவே வேலை செய்யும். 40 சம்பாதிப்பவர் 8 கட்டி 25 வாங்குகிறார், 400 சம்பாதிப்பவர் 80 கட்டி அதே 25 வாங்குகிறார். அதில் நீ சொன்னதுதான் சரி. எளிமை என்று நீங்கள் சொல்வதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் அடுக்கு வரியில் விகிதத்தைப் பார்த்துப் பெருக்குவது இரண்டு நிமிட வேலை, சிக்கல் முழுவதும் எது வருமானம், எதற்கு விலக்கு என்பதில் இருக்கிறது, அது ஒரே விகிதத்திலும் அப்படியேதான் இருக்கும். அப்புறம், ஒரே விகிதத்தில் நிலைத்து நிற்பதும் கஷ்டம். எஸ்டோனியா 1994-இல் 26 சதவீதத்தில் தொடங்கியது, பிறகு 20 வரை குறைத்தது, 2018-இல் வருமானம் கூடக் கூட வரி விலக்குத் தொகை கரையும்படி மாற்றியது. ஸ்லோவாக்கியா 2004-இல் 19 என்று வைத்து 2013-இல் அதிக வருமானத்துக்கு 25 என்று இரண்டாவது படி சேர்த்தது. ரஷ்யாவும் 2001-இல் கொண்டுவந்த 13 சதவீதத்தோடு, அதிக வருமானத்துக்கு 15 என்று ஒரு படியை 2021-இல் சேர்த்தது.

இனி, எனக்குத் தூக்கம் வராத விஷயத்துக்கு வருகிறேன். "இப்போதுள்ள உதவித்தொகைகள் எல்லாம் ரத்து" என்ற அந்த வரி. அதே மேசைக்குச் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் உண்டு. காலையில் அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கான தொகையும் உதவியாகத்தான் வருகிறது. உங்கள் திட்டத்தில் அவருக்கும் 25, எனக்கும் 25. அவரிடமிருந்து போவது இதைவிடப் பெரியது. இது என் கற்பனை இல்லை. வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2017-இல் பின்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன் நான்கையும் எடுத்துக் கணக்குப் போட்டது. இருக்கும் உதவிப் பணத்தையே எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் தொகை வறுமைக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறது, இப்போது உதவி பெறுவோரில் பலர் நஷ்டப்படுகிறார்கள் என்று வந்தது.

இன்னொன்று, விலைவாசி. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியங்களைக் குறைத்து ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஏழைகளுக்கு அது நல்ல பணம். தொகை பல ஆண்டுகள் அப்படியே நின்றது, விலை மட்டும் பல மடங்கு ஏறியது, பணம் கையில் இருந்தபடியே கரைந்துபோனது. மானியம் போனது போனதுதான். விலை ஏற ஏறத் தொகையும் ஏறும் என்று 11-ஆம் பக்கத்தில் எங்கேயும் இல்லை, நான் இரண்டு முறை தேடினேன்.

இதையெல்லாம் சொன்னபோது நீ சொன்ன பதில்: "நாங்கள் ஆட்சிக்கா வரப் போகிறோம் அக்கா, ஓர் எண்ணத்தை விதைக்கிறோம், கணக்கைப் பெரிய கட்சிகள் போட்டுக்கொள்ளட்டும்." அந்தப் பதிலோடுதான் எனக்கு உண்மையான சண்டை. சிறு கட்சியின் திட்டத்தை யாரும் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை, துண்டு துண்டாகத்தான் எடுப்பார்கள். ஜெர்மனியில் எஃப்டிபி என்ற கட்சி 2009-இல் எளிமையான, குறைந்த, நியாயமான வரி என்று பேசியது, 10, 25, 35 சதவீதம் என்று மூன்றே படிகள். 14.6 சதவீத வாக்கு வாங்கிக் கூட்டணி ஆட்சியில் நுழைந்தது. அந்த மூன்று படிகள் வரவே இல்லை. ஹோட்டல் அறை வாடகைக்கான மதிப்புக் கூட்டு வரி 19-இலிருந்து 7 ஆகக் குறைந்தது, மக்கள் நினைவில் நின்றது அதுதான். 2013-இல் 4.8 சதவீதம் வாங்கி நாடாளுமன்றத்தை விட்டே வெளியே போனார்கள்.

நாளைக்கு ஒரு பெரிய கட்சி ஆதரவு கேட்டு உங்களிடம் வருகிறது என்று வை. 11-ஆம் பக்கத்தில் அவர்களுக்கு எது சுலபம்? உதவிகளை ரத்து செய்வது சுலபம், வரியைக் குறைப்பது சுலபம். ஆளுக்கு 25 கொடுப்பது கஷ்டம், அதை "அடுத்த கட்டத்தில்" என்பார்கள். ரத்துக்கு உங்கள் கையெழுத்து இருக்கும். அந்த சம்பளச் சீட்டுப் பெண்ணுக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் உங்கள் பெயர் எப்படி நினைவில் நிற்கும் என்று யோசித்துப் பார்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. வரிசையை மாற்றுங்கள். முதலில் தொகை, அது விலைவாசியோடு ஏறும் என்ற உறுதி. ஊனம், தீராத நோய் போன்றவற்றுக்கான உதவிகள் தொடப்படாது என்று தனியாக ஒரு வரி. மற்ற உதவிகளில் புதுத் தொகை கைக்கு வந்த பிறகு, வந்த அளவுக்குத்தான் குறையும் என்று இன்னொரு வரி. தொகையை 25 என்று வைப்பதானால் வரி 20 என்று சொல்லாதீர்கள், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் 25-ஐ 10 ஆக்குங்கள், குழந்தைகளிடமிருந்து தொடங்குங்கள். வாக்கு குறையும் என்று உங்கள் செயற்குழு சொல்லும். குறையட்டும், தம்பி.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. பழைய விண்ணப்பங்களில் பெயர்களை நீக்கிக் குறித்து வைத்த கணக்குகள் ஒரு நோட்டு நிறைய என்னிடம் இருக்கின்றன. கொண்டுவருகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா