ஒரே குடும்பங்கள், இரண்டு முகவரிகள்: வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கும் காவல் ஆணையர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும், சென்னை, தாம்பரம், ஆவடி மாநகரக் காவல் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் பணிக்காலத்தின் முற்பகுதி கூவம் கரையை ஒட்டிய ஒரு பள்ளியிலும், பிற்பகுதி பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளி ஒன்றிலும் கழிந்தது. முதல் பள்ளியில் நான் எழுத்தறிவித்த பிள்ளைகளின் தம்பி தங்கைகளையும், பின்னர் அவர்களுடைய குழந்தைகளையும் இரண்டாவது பள்ளியில் சந்தித்தேன். ஒரே குடும்பங்களை இரண்டு முகவரிகளில் பார்த்தவள் என்ற தகுதி ஒன்றைத் தவிர, இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

ஒரு நகரத்தின் சில பகுதிகளில் மட்டும் குற்றம் ஏன் மிகுந்திருக்கிறது என்று கேட்டால், படித்தவர்கள்கூடத் தயங்காமல் சொல்லும் பதில், அங்கே இருக்கிற ஆட்கள் அப்படி என்பதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் என்ற பெயர்களைச் சொன்னாலே போதும், கேட்பவரின் முகம் மாறிவிடுகிறது. அந்தப் பதில் தவறு என்பதை என் கண்ணால் கண்டவள் என்பதால் எழுதுகிறேன். ஆட்கள் மாறவில்லை. இடம் மாறியது. மாற்றியது அரசு.

கூவம் கரைக் குடியிருப்புகளை நான் புனிதப்படுத்தப் போவதில்லை. அங்கே சாராயம் இருந்தது, அடிதடி இருந்தது, மழைக்காலத்தில் வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுந்தது. ஒழுகாத கூரையும் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் கிடைத்ததே பெரிது என்று புதிய இடத்தில் என்னிடம் சொன்ன தாய்மார்களும் உண்டு. ஆனால் அந்தக் கரையில் பள்ளி நேரத்தில் ஒரு பையன் தேநீர்க் கடை வாசலில் நின்றால், யாரோ ஒருவர் அவனை அடையாளம் கண்டு, “யார் வீட்டுப் பிள்ளை நீ, உங்க அம்மாகிட்ட சொல்லவா?” என்று கேட்டுப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அவனுடைய அம்மா எழும்பூரிலோ சேத்துப்பட்டிலோ வீட்டு வேலை செய்துகொண்டிருப்பார். நடந்து போகும் தூரம்தான் என்பதால் மதியம் ஒரு முறை வந்து அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போவார். இந்தக் காவலுக்கு அரசு ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை. அதனால்தானோ என்னவோ, அதைக் கலைத்தபோது எந்தக் கணக்கிலும் அது இழப்பாக எழுதப்படவில்லை.

2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், அதை ஒட்டி எழில் நகரிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 வீடுகள் கட்டப்பட்டன. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்பு செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேற்பட்ட வீடுகள் நிரம்பின. பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களாக 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்பு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெருமளவில் அங்கே கொண்டு செல்லப்பட்டன. நகரின் நடுவிலிருந்து 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில், சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள், வருமானத்திலும் சேமிப்பிலும் மிகக் கீழ்நிலையில் இருந்த ஏறத்தாழ 50,000 குடும்பங்களுக்கான வீடுகளை ஒன்றாகக் குவித்ததற்கு நகரத் திட்டமிடல் என்று பெயர். தொடக்க கால வீடுகள் பலவற்றின் பரப்பு 200 சதுர அடிக்கும் குறைவு. அந்த அளவு வீட்டில் வளர்ந்த பையன் மாலையில் எங்கே உட்காருவான் என்பதை வரைபடம் போட்டவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

வீடுகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. நேர்மைக்காகவே அவ்வாறு செய்யப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு தலைமுறையாக அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குப் போனார்கள். ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்குள் யார் பிள்ளை யார் என்று தெரியாமல் போனது. அதே நேரத்தில் தாய்மார்கள் பழைய வேலையை விட முடியாமல் விடியும் முன்பே பேருந்து ஏறினார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது உண்மையிலேயே பெரிய உதவி, ஆயினும் அது காசை மிச்சப்படுத்தியதே தவிர நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. அம்மா இருட்டில் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் வீட்டில், பன்னிரண்டு வயதுச் சிறுமி தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். பதினான்கு வயதுப் பையன் எங்கே போனான் என்று கேட்க ஆள் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இருட்டு நடைக்கூடமும், அடையாளம் தெரியாதவர் வந்து நின்றாலும் கேள்வி கேட்காத படிக்கட்டும் கஞ்சா விற்கிறவனுக்கு வசதியான இடங்கள். அவன் அந்த இடத்தைத் தேடி வருகிறான். அந்த மக்கள் அவனைப் பெற்றெடுக்கவில்லை.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளின் சிறார் நீதிமன்றப் பதிவுகளை வரைபடத்தில் குறித்து 1942இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய சில பகுதிகளில் முதலில் ஜெர்மானியர்களும் ஐரிஷ்காரர்களும் வாழ்ந்தார்கள். பின்பு அதே இடத்துக்கு இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் வந்தார்கள். குடியிருந்த இனங்கள் மாறியபோதும் அந்தப் பகுதிகளின் குற்ற விகிதம் உயர்ந்த நிலையிலேயே இருந்தது. அங்கிருந்து வெளியேறிய இனத்தவர் வேறு பகுதியில் வேரூன்றியதும் அவர்களிடையே அது குறைந்தது. அதே நகரில் 1995இல் 343 வட்டாரங்களைச் சேர்ந்த 8,782 பேரிடம் பேட்டி எடுத்து, ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் சுற்றினால் உங்கள் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா என்பது. இதைப் படித்தபோது எனக்குக் கூவம் கரைத் தேநீர்க் கடைதான் நினைவுக்கு வந்தது. வறுமையில் ஒத்த நிலையில் உள்ள வட்டாரங்களிலும், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பித் தலையிடும் இடங்களில் வன்முறை குறைவு என்றும், வறுமை ஒரே இடத்தில் குவிவதும் குடியிருப்போர் அடிக்கடி இடம் மாறுவதும் அந்தத் தலையிடும் துணிவைக் குலைக்கின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். குவிப்பதையும் குலைப்பதையும் நாம் ஒரே திட்டத்தில் செய்து முடித்தோம்.

வடசென்னையின் கதை வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதிகளில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று கொண்டாடப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கிய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அப்பாவைப் போல ஆலை வாசலில் காத்திருக்கும் வாய்ப்புகூட இல்லாமல் போனது. அங்கே குடும்பங்கள் இடம்பெயரவில்லை, வேலை இடம்பெயர்ந்தது.

காவல் ஆணையர்களே, குற்ற விகிதம் என்ற எண்ணைப் பற்றியும் பேச வேண்டும். தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் பொருள் பறிகொடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர். எனவே அந்த வழக்குகளைக் குடியிருப்போர் தொகையால் வகுத்தால் பொருளற்ற எண் ஒன்று வரும். கோடிக்கணக்கான ரூபாயைப் பொதுமக்களிடம் திரட்டி ஏமாற்றியதாகத் தொடரப்படும் வழக்குகள் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போகின்றன. அப்படித் திரட்டிய நிறுவனங்களின் அலுவலகங்கள் இருந்த பளபளப்பான சாலைகளுக்கு அதனால் கெட்ட பெயர் வருவதில்லை. இன்னொரு பக்கம், குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 109, 110ஆம் பிரிவுகளின் கீழ் முன்பும், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128, 129ஆம் பிரிவுகளின் கீழும் சந்தேகத்தின் பேரில் எடுக்கப்படும் முன்தடுப்பு நடவடிக்கைகளும், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணைகளும் எந்தத் தெருக்களில் மிகுதியாக இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். இரவு ரோந்து எங்கே மிகுதியோ அங்கே வழக்கும் மிகுதி. வழக்கு எங்கே மிகுதியோ அங்கே மறுநாள் ரோந்தும் மிகுதி. பதிவான குற்றங்கள் கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. அதற்காகக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குற்றமே இல்லை, எல்லாம் எண்களின் மாயம் என்று நான் சொல்லவில்லை. அங்கே கொலைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் இறந்தவர்களும் அந்தப் பகுதிப் பிள்ளைகளே என்பதைத்தான் செய்திகள் சொல்ல மறந்துவிடுகின்றன. அங்கே வாழும் பெண்கள் இரவில் படிக்கட்டில் நடக்க அஞ்சுகிறார்கள். காவலர்கள் வர வேண்டும் என்று கேட்பவர்களும் அவர்களே.

ஆனால் முழுப் பகுதியும் குற்றப் பகுதி ஆகாது. மினியாபோலிஸ் நகரில் 1989இல் வெளியான ஓர் ஆய்வு, காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் வெறும் 3 விழுக்காட்டிலிருந்தே வந்தன என்று காட்டியது. நான் பார்த்த குடியிருப்பிலும் அஞ்ச வேண்டிய படிக்கட்டுகள் எவை, மதுக்கடைக்குப் போகும் வழியில் விளக்கெரியாத திருப்பம் எது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கேட்டால் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்காமல் முழுக் குடியிருப்பையும் சந்தேகிப்பது எளிதாகப் போய்விட்டது.

அந்தச் சந்தேகத்தின் விலையை என் மாணவன் ஒருவன் கொடுத்தான். பட்டயப் படிப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் தேர்வாகி, முகவரிச் சான்றைக் கொடுத்த பிறகு அழைப்பு வராமல் போனவன் அவன். அடுத்த நிறுவனத்துக்குக் குடியிருப்பின் பெயரை விட்டுவிட்டுத் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதிக் கொடுத்து வேலை வாங்கினான். “பொய் சொல்லல டீச்சர், ஒரு வரியைக் குறைச்சிட்டேன், அவ்வளவுதான்” என்று சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறப்பினாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1952இல் நாடு முழுவதும் ஒழித்தோம். அந்த முத்திரை முகவரியின் வழியாகத் திரும்பி வர நாம் இடம் கொடுக்கக் கூடாது. 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய பெண் இதே கண்ணகி நகர்க்காரர். அவருடைய பெயரோடு கண்ணகி நகர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆகவே வாரியத்திடம் முதலில் கேட்பது, இனி எந்தக் குடியிருப்பையும் இப்படித் தொலைவில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டாம் என்பது. இருக்கும் இடத்திலேயே, அல்லது வேலைக்கு நடந்து போகும் தொலைவில் வீடு கட்டித் தர முடியும் என்பதை 1970இல் தொடங்கப்பட்ட உங்கள் வாரியமே தன் முதல் ஆண்டுகளில் செய்து காட்டியிருக்கிறது. இடமாற்றம் தவிர்க்கவே முடியாத நிலையில், குலுக்கலைத் தனித்தனிக் குடும்பங்களுக்கு நடத்தாமல் ஒரு தெரு முழுவதற்கும் சேர்த்து நடத்துங்கள். அக்கம்பக்கத்தார் அக்கம்பக்கத்தாராகவே வரட்டும். ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு, தாய்மார்கள் வீடு திரும்பும் வரை திறந்திருக்கும் குழந்தைகள் மையமும், பெரிய பிள்ளைகளுக்கு விளக்கெரியும் விளையாட்டிடமும் ஒவ்வொரு தொகுதிக் கட்டடத்துக்கும் வேண்டும். கண்காணிப்புக் கேமராக்களை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கேமரா, பள்ளிக்குப் போகாத பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாது.

காவல் ஆணையர்களிடம் கேட்பது, காவல் நிலைய வாரியாகப் பதிவான குற்றங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது. அதில் பொதுமக்கள் புகாரின் பேரில் பதிவானவற்றையும் முன்தடுப்பு நடவடிக்கைகளையும் தனித்தனியே காட்டுங்கள். பதின்பருவத்தில் ஒரே ஒரு சிறு வழக்கில் சிக்கியவனின் பெயர், தொடர்ந்து கண்காணிக்கப்படுவோருக்காகக் காவல் நிலையம் வைத்திருக்கும் சரித்திரப் பதிவேட்டில் ஏறுமுன், அவன் படித்த பள்ளியின் ஆசிரியரை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. 2019 டிசம்பரில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபோது கல்வியாண்டின் பாதிதான் முடிந்திருந்தது. அப்படி நடுவில் பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலர் பழைய பள்ளியின் பதிவேட்டிலிருந்து நீங்கிப் புதிய பள்ளியின் பதிவேட்டில் சேராமலே போய்விடுகிறார்கள் என்பதை நான் ஆசிரியராக இருந்து கண்டிருக்கிறேன். வரும் கல்வியாண்டில் எந்த வீட்டையும் ஜூனுக்கும் ஏப்ரலுக்கும் இடையில் காலி செய்வதில்லை என்று வாரியம் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
சென்னை.