மாத்திரை அட்டையைப் படிக்க முடியாத கேமரா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், ஏழு எட்டு அங்குல டேப்லெட்டுக்கெல்லாம் பின்பக்கக் கேமரா எதற்கு, வீடியோ காலுக்கு முன்பக்கத்தில் ஒன்று இருந்தால் போதாதா, அதைத் தூக்கிவிட்டு அந்தக் காசில் நல்ல பேட்டரியாவது போடலாமே என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு வரை நானும் இதையேதான், இன்னும் கொஞ்சம் காரமாக, பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசைக்காரர் ஒருவர் டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க, பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கு மேடையே மறைந்துபோவதை ஒரு தடவை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கேமராவின் மேல் பிரியம் வருவது கஷ்டம்தான்.

எனக்கு மனசு மாறியது அம்மாவால். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிவிட்டது. ஓரப்பார்வை நன்றாகவே இருக்கிறது, நடக்கிறார், சமைக்கிறார், யார் வருகிறார்கள் என்று தெரிகிறது, ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது கலங்கிவிடும். கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தார், அதில் ஒரு நேரத்தில் நாலு எழுத்து தெரியும், ஐந்தாவது எழுத்து ஓரத்தில் வளைந்துவிடும். அப்புறம் யாரோ சொல்லி, என் பழைய எட்டு அங்குல டேப்லெட்டில் கேமராவைத் திறந்து ஜூம் செய்து கையில் கொடுத்தேன். மாத்திரை அட்டையின் மேல் பிடித்துக்கொண்டு, "பேர் தெரியுதுடா" என்றார். முழுப் பெயரும் ஒரே பார்வையில். அந்த ஒரு நிமிடத்தில் என் பழைய வாதம் முடிந்தது.

சரி, அதற்குப் போன் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முதலில் போனில்தான் முயன்றோம். ஆறு அங்குலத் திரையில் எழுத்தை அம்மாவுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் ஒரு சொல்கூட முழுதாக அடங்காது, பாதிச் சொல்லைப் பார்த்து மீதியை ஊகிக்க வேண்டும், மருந்துப் பெயரை ஊகிப்பது நல்ல பழக்கம் இல்லை. பத்துப் பதினொரு அங்குல டேப்லெட் இன்னும் நன்றாகத் தெரியும்தான், ஆனால் அது ஏறக்குறைய அரை கிலோ, அதை ஒரு கையில் தாளுக்கு மேலே அந்தரத்தில் ஆடாமல் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அட்டையைத் திருப்புவது எனக்கே முடியவில்லை. எட்டு அங்குலம் சுமார் 300 கிராம். ஆக, பெரிய டேப்லெட்டில் வேண்டுமானால் கேமரா இருக்கட்டும், சின்னதில் எதற்கு என்று அந்த வாசகர் எழுதியது எனக்கு அப்படியே தலைகீழாகப் படுகிறது. ஒரு பொருளின் மேல் நீட்டிப் பிடிக்கத் தோதான டேப்லெட் என்றால் அது சின்னதுதான்.

ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. பின்பக்கக் கேமரா என்ற பெயரில் பல சின்ன டேப்லெட்டுகளில் வருவது வெறும் ஓட்டை. அம்மாவுக்கென்றே புதிதாக ஒன்று வாங்கினேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம், பெட்டியில் பெரிய எழுத்தில் மெகாபிக்சல் கணக்கெல்லாம் போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாத்திரை அட்டையின் மேல் பிடித்தால் எல்லாம் ஒரே வெள்ளைப் புகை. துடைத்துப் பார்த்தேன், திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன், ஊஹும். ஜன்னலுக்கு வெளியே காட்டினால் மட்டும் மரம் அழகாகத் தெரிகிறது. மரத்தைப் பார்க்க அம்மாவுக்கு டேப்லெட் எதற்கு?

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கேமராவின் லென்ஸ் நகராது. ஃபிக்ஸட் ஃபோகஸ் என்பார்கள். அரை மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஓரளவு தெளிவாகத் தெரியும்படி லென்ஸை ஒரே இடத்தில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள், ஆள் முகமும் மரமும் தெரியும், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. ஆட்டோஃபோகஸ் உள்ளதில் லென்ஸைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும், ஸ்பீக்கருக்குள் இருக்கும் அதே சங்கதிதான், மின்சாரம் பாய்ந்ததும் லென்ஸ் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்ந்து பக்கத்தில் இருப்பதைக் கூர்மையாக்கும். அந்தச் சின்னச் சுருளை மிச்சம் பிடிக்கப் போய் கேமராவின் பாதிப் பயனையே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

தள்ளிப் பிடித்து ஜூம் செய்தால் போகிறது என்று என் மச்சான் யோசனை சொன்னார். அவருக்காக ஒரு கணக்குப் போட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். 2 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படத்தில் நீளவாக்கில் 1,600 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நுண்ணிய கட்டங்கள். தாள் படம் முழுக்க நிறைந்து நின்றால் மில்லிமீட்டருக்கு ஐந்து பிக்சலுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிடைக்கும். பொடி எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி 0.3 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றரை பிக்சல். இரண்டு மடங்கு தள்ளிப் பிடித்தால் முக்கால் பிக்சல், அதாவது புள்ளி போயே போச்சு. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துப் படித்துவிடலாம், நம் எழுத்தில் புள்ளி போனால் பல் பல ஆகிவிடும், கல் கல ஆகிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து வாய்விட்டுப் படிக்கும் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் என்ன வாசிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 5 மெகாபிக்சலில் அதே புள்ளிக்கு இரண்டரை பிக்சல், 8 மெகாபிக்சலில் மூன்றுக்கு மேல். ஒரு ஏ4 பக்கத்தை அலுவலகங்களில் ஸ்கேனர் வழக்கமாக எடுக்கும் 300 டிபிஐ தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், எடுக்க 8.7 மெகாபிக்சல் வேண்டும். அதனால் எட்டு என்பது போதுமான அளவு. ஐம்பதும் நூறும் யாரும் கேட்கவில்லை.

மச்சான் அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார்.

இதெல்லாம் முடியாத காரியம் என்றால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2010இல் சாம்சங் கொண்டுவந்த முதல் கேலக்ஸி டேப், ஏழு அங்குலம்தான், அதிலேயே 3 மெகாபிக்சல் பின்பக்கக் கேமரா, ஆட்டோஃபோகஸ், பக்கத்தில் எல்இடி விளக்கு எல்லாம் இருந்தன. அதே வருடம் வந்த முதல் ஐபேடில் முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை, கேமராவே இல்லை. மறுவருடம் ஐபேட் 2இல் இரண்டு பக்கமும் வைத்தார்கள், பின்பக்கத்தில் இருந்தது ஒரு மெகாபிக்சல்கூடத் தேறாது. 2012இல் கூகுளின் நெக்சஸ் 7 வந்தது, அதில் அந்த வாசகர் கேட்கிற மாதிரியே முன்பக்கக் கேமரா மட்டும், படம் எடுக்கும் செயலியைக்கூடக் கண்ணில் படும்படி வைக்கவில்லை. சின்ன டேப்லெட்டுக்கு இது தேவையில்லை என்ற வாதத்தை நிஜமாகவே செய்து பார்த்தவர்கள் அவர்கள்தான். அடுத்த வருடமே புதிய நெக்சஸ் 7இல் 5 மெகாபிக்சல் பின்பக்கக் கேமரா வந்து உட்கார்ந்துகொண்டது. எதனால் மனசு மாறினார்கள் என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும், ஆனால் மாறினார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் முடிந்த ஆட்டோஃபோகஸையும் விளக்கையும் இப்போது சாதாரண விலைச் சின்ன டேப்லெட்டுகளில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். விளக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை: டேப்லெட்டைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்த டேப்லெட்டின் நிழலே தாளை மூடிவிடும். போனைவிட டேப்லெட் அகலம், அதனால் நிழலும் அகலம். அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, தோளைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு கோணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார், ராத்திரியில் அந்தக் கோணமும் கிடையாது. அப்புறம் கேமராவை எல்லோரும் ஒரு மூலையில் வைக்கிறார்கள். திரைக்கு நடுவில் தெரிவது திரைக்கு நேர் கீழே இருக்காது, ஒரு ஓரத்தில் இருக்கும், பழகும்வரை கை தடுமாறிக்கொண்டே இருக்கும். படுக்கவைத்துப் பிடித்தால் விரல் நேராகப் போய்க் கேமராவை மூடும். நடு மேற்பகுதியில் வைத்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்?

பார்வை மங்கியவர்களுக்கு மட்டும்தானா என்றால், இல்லை. என் மகள் வகுப்புக்கு வராத தோழிக்குப் பாடக் குறிப்பை அனுப்புவது, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று வீடியோ காலில் தம்பிக்குக் காட்டுவது, எல்லாம் இதில்தான். குழாய் விஷயத்தை முன்பக்கக் கேமராவில் செய்து பாருங்கள். டேப்லெட்டைத் திருப்பி, திரை குழாயைப் பார்க்க, நாம் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு, "தெரியுதா, இன்னும் கீழேயா" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். கியூஆர் கோடும் அப்படித்தான், 1994இல் ஜப்பானில் வண்டி உதிரிபாகங்களை அடையாளம் காணச் செய்தது இன்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது, போன் இல்லாமல் டேப்லெட் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் அதை எதால் படிப்பார்கள்?

கேமராவே இல்லாத டேப்லெட்டும் வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேமரா உள்ள எதையும் உள்ளே விடாத ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன, சின்னப் பிள்ளை கையில் கேமராவைக் கொடுக்க விரும்பாத பெற்றோர் இருக்கிறார்கள், வாசிக்க மட்டும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கட்டும், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. மரத்தை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணை ஒட்டிவிட்டு "இரட்டைக் கேமரா" என்று பெட்டியில் போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே போல இன்னொரு கோடிக்குப் போய் மூன்று லென்ஸை மேடு தட்டி வைப்பதும் வேண்டாம், மேசையில் வைத்து எழுதினால் கால் சரியில்லாத பெஞ்சு மாதிரி டொக் டொக்கென்று ஆடுகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் டேப்லெட் விமர்சனம் போடும்போதெல்லாம் கேமராவுக்கு என்று ஒரு பூவும் ஒரு வானமும் படம் பிடித்துப் போடுகிறீர்கள். இனி ஒரு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், காலாவதித் தேதி அச்சடித்திருக்கும் அந்த மூலையை. எத்தனை சென்டிமீட்டர் வரை பக்கத்தில் போனால் ஃபோகஸ் ஆகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆட்டோஃபோகஸ் உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிடுங்கள், நிறுவனங்கள் தரும் விவரப் பட்டியலில் பல நேரம் மெகாபிக்சலோடு நிறுத்திக்கொண்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் அம்மா கட்டாயம் படிப்பார். புதிதாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், பழைய டேப்லெட்தான் இன்னும் ஓடுகிறது. உங்கள் பத்திரிகையிலேயே கடிதப் பகுதியின் எழுத்துதான் ரொம்பப் பொடி என்று அவர் ஏற்கெனவே புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார், முடிந்தால் அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்