முற்றிய பிறகு வருபவர்கள்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சலித்துக்கொண்டது இன்னும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "மலையிலிருந்து வர்ற கேஸ் எல்லாம் முத்திப்போய்த்தாம்மா வருது. வயிறெல்லாம் சீழ் பிடிச்சப்புறம் கொண்டுவந்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றாய். ஒரு சர்ஜனாக உன் ஆதங்கம் நியாயம்தான் கண்ணு. ஆனால் அவர்கள் உன்னிடம் வந்து சேர்ந்த நேரம்தான் உனக்குத் தெரியும், புறப்பட்ட நேரம் தெரியாது. நீலகிரியில் தியேட்டர் நர்ஸாகவே காலம் கழித்தவள் நான். எனக்கு அது கொஞ்சம் தெரியும்.

பந்தலூர் பக்கத்துப் பணியர் பழங்குடிக்காரர் ஒருவர், எஸ்டேட்டில் தினக்கூலி. குடலிறக்கத்தை வருடக்கணக்கில் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார். ஆபரேஷனுக்கு ஏற்கெனவே தேதி கொடுத்திருந்தார்கள், பணமும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் துணைக்கு மனைவி வந்தால் இரண்டு பேர் கூலியும் போகும். அதற்கப்புறம் சில மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றால் வீட்டில் உலை எப்படி வைப்பது? தள்ளிப்போட்டார். ஒரு சாயங்காலம் குடல் உள்ளே போகாமல் இறுகிவிட்டது. இருட்டினால் அந்தத் தடத்தில் யானை நிற்கும், அதனால் விடியும்வரை குடிசையிலேயே துடித்திருக்கிறார். காலையில் ஜீப் பிடித்து எங்களிடம் வந்தார்கள். சர்ஜன் இருந்தார், மயக்க மருந்து டாக்டர் இல்லை. கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தோம். அங்கே ரத்தம் கொடுக்க ஆள் கேட்டபோது கூட வந்த தம்பி கையை நீட்டினார். அவருக்கே ரத்தசோகை, எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். கறுத்துப்போன குடலை ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மூட்டை தூக்க மட்டும் இனி முடியாது.

இதைப் போய் அலட்சியம் என்றும் அறியாமை என்றும் சொல்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இதில் அவர் எங்கே அலட்சியமாக இருந்தார்?

2015-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு ஓர் அளவுகோல் சொன்னது. சிசேரியன், வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கான சிகிச்சை, இந்த மூன்றும் யாருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று. நம் நாட்டில் மலை, பழங்குடிப் பகுதிகளில் 80,000 பேருக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதில் ஒரு சர்ஜன் இருக்க வேண்டும் என்பது விதி. நாடு முழுக்கக் கிராமப்புறத்தில் அப்படித் தேவைப்படும் சர்ஜன்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆளே இல்லை என்று அரசின் புள்ளிவிவரமே சொல்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

நீ சென்னையில் அதிகம் பார்த்திருக்க மாட்டாய் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அரிவாள் செல் ரத்தசோகை, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து ரத்த ஓட்டத்தை அடைக்கும் பரம்பரை நோய், இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நம் நீலகிரி ஆதிவாசிகளிடம்தான். அதற்கான தேசியத் திட்டம் வந்தது 2023-ல். நடுவில் 71 வருடம்! இந்த நோய் இருக்கும் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பித்தப்பையில் கல் வரலாம், இளவட்டங்களுக்கு இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போகலாம். வலி கிளம்பும்போது அப்பெண்டிக்ஸ் மாதிரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பரிசோதிக்காமல் கத்தியை எடுத்துவிடாதே. எடுக்க வேண்டி வந்தால் தியேட்டரில் உடம்பு குளிரவே கூடாது, டிரிப் முன்கூட்டியே ஓட வேண்டும், ஆக்சிஜன் குறையக் கூடாது. எங்கள் தியேட்டரில் ஏசியை நிறுத்திவிட்டு, கம்பளியைச் சூடாக்கிப் போர்த்துவோம். டாக்டர்கள் வியர்வையில் நனைந்துகொண்டே தையல் போடுவார்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் பார். டாக்டர் ஷைலஜா தேவியும் சர்ஜன் நந்தகுமார் மேனனும் அங்கே வேரூன்றினார்கள். ஆதிவாசிப் பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தார்கள். ஊர் ஊராக அவர்கள் ஆட்களே போய்ப் பார்த்தார்கள். தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் மயக்கவியல் டாக்டர் ரெஜியும் மகப்பேறு டாக்டர் லலிதாவும் 1993-ல் குடிசை போட்டு ஆரம்பித்ததும் இதே மாதிரிதான். டாக்டர் இருக்கிறார் என்பதைவிட, வாசலில் நம் பாஷை பேசும் நம் பெண் நிற்கிறாள் என்பதுதான் ஆதிவாசிகளை உள்ளே வரவைத்தது என்று நான் நம்புகிறேன். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் பேச்சு புரியாமல், "குடிச்சிருக்கியா?" என்ற கேள்வியைத் தாங்க முடியாமல், டிஸ்சார்ஜ் சீட்டுகூட வாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே ஆதிவாசிகளுக்கென்றே தனி வார்டும் இருக்கிறது. சந்தோஷம். கூடலூர்க்காரர்களுக்கு அதுவும் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை, மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது.

கலந்தாய்வில் எந்த ஊர் எடுப்பது என்று கேட்டாய். கூடலூர் காலியாக இருந்தால் அதை எடு என்பதுதான் அம்மாவின் ஆசை. அப்பாவுக்கு நீ சென்னையிலேயே இருக்க வேண்டும். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் சேருவதற்கு முன் இரண்டு விஷயம் விசாரி: மயக்க மருந்து டாக்டர் நிரந்தரமாக இருக்கிறாரா, ரத்தம் வைக்க வசதி இருக்கிறதா. இரண்டும் இல்லாமல் நீ தனியாகப் போய் ஒன்றும் செய்ய முடியாது, நீயும் எழுதிக் கொடுத்து அனுப்பத்தான் வேண்டியிருக்கும். சென்னையிலேயே இருக்க முடிவு செய்தாலும் சரி. மலையிலிருந்து ஒரு கேஸ் வந்தால் எப்போது புறப்பட்டார்கள், வழியில் எத்தனை இடத்தில் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு, அதையும் கேஸ் ஷீட்டில் எழுது. மேலே இருப்பவர்கள் படிக்கட்டும்.

பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு என்று சீக்கிரம் சொல். பந்தலூர் போய் அவரையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
அம்மா