கெரட்டின் பரிசோதனையும் பார்மலின் பாட்டிலும்

ஆசிரியருக்கு,

செல்லில் உள்ள கெரட்டின் புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைக் கொண்டு, அது இருக்கும் இடத்தைப் பழுப்புச் சாயத்தில் காட்டி, புற்றுக்கட்டி எங்கே தொடங்கியது என்று தேடுவது கெரட்டின் பரிசோதனை. நம் மாவட்டத்தில் எடுக்கும் பயாப்சி (சோதனைக்கு எடுத்த சதை) அதற்காகத் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ போவது உண்டு. ‘தெளிவில்லை, மறுபடி சதை எடுங்கள்’ என்று பதில் வந்தால் பழி ஆன்டிபாடி மேல் விழுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, சதை கெடாமல் காக்கும் பார்மலின் கரைசல் இருக்கும் பாட்டிலைத்தான்.

ஈரலில் ஒரு கட்டி. வேறெங்கோ இருந்து பரவியது. அதில் சிகே 20 என்ற வகைக் கெரட்டின் இருந்து, சிகே 7 என்ற வகை இல்லையென்றால் பெரும்பாலும் பெருங்குடலைத் தேடுவோம். தலைகீழாக இருந்தால் நுரையீரல், மார்பகம் என்று தேடல் திரும்பும். இருக்கும் கெரட்டின் சாயத்தில் தெரியாமல் போனால் சிகிச்சையே திசை மாறும்.

சதையைச் சலைனில் போட்டு அனுப்பினால் வழியிலேயே அழுகத் தொடங்கும். வாயகன்ற பாட்டிலில், சதையைப்போல் 10 மடங்காவது பார்மலின் வேண்டும். அது மணிக்குச் சுமார் 1 மி.மீ. ஆழம்தான் இறங்கும். முழு மார்பகத்தையோ குடலையோ கீறாமல் முக்கினால் ஓரம் மட்டும் பழுப்பேறி, நடு வெறுமையாக நிற்கும். பார்மலினில் ஊறுவது 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72ஐத் தாண்டவும் கூடாது. சனிக்கிழமை அறுவைகளில் இதைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

கடையில் வாங்கும் பார்மலினில் தண்ணீர் மட்டும் கலந்தால் நாளடைவில் அமிலமாகும். ரத்தம் மிகுந்த சதையில் கரும்பழுப்புத் துகள் படியும். பரிசோதனைச் சாயமும் பழுப்புதான், எது எதுவென்று குழப்பும்! அமிலமாகாமல் இருக்க, ஒரு லிட்டருக்கு: கடைப் பார்மலின் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பெரிய செலவில்லை.

ஆய்வகங்களுக்கும் ஒரு சொல். பல வகைக் கெரட்டினையும் பிடிக்கும் பொதுக் கெரட்டின் ஆன்டிபாடிக்குத் தோலை மட்டும் கன்ட்ரோலாக (சாயம் சரியா என்று பார்க்கும் மாதிரியாக) வைக்காதீர்கள். தோலில் கெரட்டின் ஏராளம். சாயமேற்றியது பலவீனமாக இருந்தாலும் பிடித்துவிடும். கெரட்டின் குறைவான ஈரல் செல்லும் பழுப்பேறினால்தான் நம்பலாம். பார்மலின் மூடிய கெரட்டினை வெளிக்கொணர, பிஎச் 9 கரைசலில் 95 முதல் 98 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்குவது வழக்கம். சாதாரணக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய மெல்லிய சதைச் சீவல் அந்தச் சூட்டில் உரிந்து போகும். சதை இறுகப் பிடிக்க மின்னேற்றம் கொண்ட ‘சார்ஜ்டு’ ஸ்லைடு கட்டாயம்.

நோயாளியின் வீட்டாரே, சிகிச்சைக்கு வேறு ஊருக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு, சதையைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். சாயமேற்றிய பழைய ஸ்லைடு மட்டும் போதாது. பிளாக்கை வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைக்க வேண்டாம், மெழுகு இளகிவிடும். சதை எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் மருத்துவமனைகள் படிவத்தில் எழுதி அனுப்பினால், கோளாறு எங்கே என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

– நோய்க்குறியியல் ஆய்வகப் பணியாளர்கள்,
தக்கலை.