வெளியுறவு ஆய்வாளர்களுக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மடல்

நாட்டின் வெளியுறவையும் பாதுகாப்பையும் பற்றித் தொலைக்காட்சியிலும் கருத்தரங்குகளிலும் பேசிவரும் மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசுவதை விடாமல் கேட்பவன். தென் சீனக் கடல், சரவாக் கரைக்கு அப்பால் உள்ள லுக்கோனியா பவளத்திட்டு, 1971இல் கோலாலம்பூரில் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் வெளியிட்ட நடுநிலைப் பிரகடனம், அதே ஆண்டு மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து உருவாக்கிய ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு என்று நீங்கள் விளக்கும்போது குறிப்பு எடுத்து வைப்பதும் உண்டு. உங்கள் படிப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் உங்கள் பேச்சில் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பாதுகாப்பு அரசியல் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான், கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பனிப்போரின் ஓர் அத்தியாயம் என்று இன்று அதைப் படிக்கிறோம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர்கள் கண்டது முள்வேலியும் ஊரடங்கும் அளந்து கொடுத்த அரிசியும். அதற்கு முன்னால், ஜப்பான்காரன் காலத்தில், பர்மாவில் இருந்த படைக்குப் பாதை வேண்டும் என்று சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, 415 கிலோமீட்டர் சயாம் ரயில் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். என் தாத்தாவின் தம்பியும் போனார். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சின்னத் தாத்தாவை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, அது பழைய கதை. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் அன்றைய பிரதமர் துன் மகாதீர் காஷ்மீர் விஷயத்தில் இந்தியாவைக் குறைகூறிப் பேசினார். அப்புறம் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தையும் குறை சொன்னார். 2020 ஜனவரி 8ஆம் தேதி, சுத்திகரித்த பாமாயிலைத் தாராளமாக இறக்குமதி செய்ய முடியாதபடி இந்தியா கட்டுப்பாடு போட்டது. உத்தரவில் மலேசியாவின் பெயர் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நம் எண்ணெயை மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியாதான். அங்குள்ள வணிகர்கள் குறிப்பறிந்து இந்தோனேசியா பக்கம் திரும்பினார்கள். பதிலுக்குப் பதில் செய்ய நாம் மிகச் சிறிய நாடு என்று பிரதமரே சொன்னார். அவர் பதவி விலகி, புது அரசு அமைந்து, மே மாதத்தில்தான் இந்தியா மறுபடி நம்மிடம் வாங்கத் தொடங்கியது.

அந்த மாதங்களில் நீங்கள் இறையாண்மையைப் பற்றியும் இஸ்லாமிய உலகில் மலேசியாவின் குரலைப் பற்றியும் விவாதித்தீர்கள். தேவையான விவாதம்தான். காஷ்மீரைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன நாட்டுக்கும் வாய் உண்டு. பேசினால் அதற்கு என்ன விலை, அதை யார் கொடுப்பது, முன்கூட்டியே என்ன ஏற்பாடு என்று உங்களில் ஒருவராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். குலை வெட்டுகிறவரின் சம்பளத்தில் எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் ஒரு பகுதி இருக்கிறது. ஆப்பீஸ் சன்னலுக்கு வந்து, "கிராணி ஐயா, இந்தியா நம்ம எண்ணெய வாங்காதாமே, சம்பளத்துல கை வைப்பாங்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதே வாரம் ஒட்டுக்கடையில் ஒருவர், உங்கள் இந்தியாதானே இப்படிச் செய்கிறது என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எண்ணெய் விலை விழுந்தால் முதல் அடி எங்கள் வீட்டில்தான் விழுகிறது. அந்தக் கேள்வி இன்னும் என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

2022இல் உக்ரைன் போர். சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து, மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது. இந்தோனேசியா ஏப்ரல் 28இல் ஏற்றுமதியை நிறுத்தி மே 23இல் திறந்துவிட்டது. ஜூலையில் விலை 4,000க்கும் கீழே. ஆனால் ரஷ்யா, பெலாருஸ் நாடுகளின் பொட்டாஷ் சிக்கலில் ஏறிய உர விலை அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் என் மைத்துனர் அந்த வருடம் பாதி உரம்தான் போட்டார். செம்பனைக்கு உரம் குறைந்தால் உடனே தெரியாது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் குலை சிறுத்துக் காட்டும். நீங்கள் அடுத்த தலைப்புக்குப் போன பிறகும் அவர் தோட்டத்தில் அந்தப் போர் நடந்துகொண்டிருந்தது.

என் வேண்டுகோள் பெரிதல்ல. அரசுக்கு ஆலோசனை எழுதும்போது, ஒரு முடிவு தோட்டத்துத் தராசுக்கு வந்து சேரும்போது என்ன ஆகும் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். வாங்குகிற நாடு முகம் திருப்பினால் அடுத்த சந்தை எது, அதுவரை கூலிக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்லுங்கள். அதைத் தமிழிலும் கொடுங்கள். இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு வெளியுறவுப் பாடம் நடத்துவது வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள்தான். பாதிக்கு மேல் வெறும் கத்தல்.

முடிந்தால் நேரிலும் வாருங்கள். கப்பல்கள் மீதான தாக்குதலால் செங்கடல் ஆபத்தானபோது ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பலின் கூடுதல் செலவு கடைசியில் யார் தலையில் விழுந்தது? காடழித்த நிலத்தில் விளைந்ததை வாங்கமாட்டோம் என்னும் ஐரோப்பாவின் சட்டத்துக்காக மூன்று ஏக்கர்காரர் தன் நிலத்தின் இருப்பிடத்தை எப்படிப் பதிவு செய்வது? இந்தியாவோடு மறுபடி உரசல் வந்தால் 2020 போலவே கைகட்டி நிற்போமா? இவற்றைக் கேட்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் வெட்டுக்காரர்களும் வர முடியும். கோயில் மண்டபத்தை நான் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்