புத்தரின் கடைசி வினைச்சொல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புத்த பூர்ணிமையை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், குசிநாராவில் புத்தர் இறுதியாக மொழிந்தது 'உங்கள் முக்திக்காக விடாமுயற்சியுடன் உழையுங்கள்' என்று தரப்பட்டிருந்தது. புத்தரின் இறுதி நாட்களைச் சொல்லும் பாலி மொழி நூலான மகாபரிநிப்பான சுத்தத்தில் உள்ள தொடரோ 'வயதம்மா ஸங்காரா, அப்பமாதேன ஸம்பாதேத' என்பதுதான். இதில் முக்தியும் இல்லை, உழைப்பும் இல்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றில் சேர்ந்துவிட்ட முக்தி, தமிழிலும் அப்படியே தொடர்ந்து வருகிறது.

'ஸம்பாதேத' என்பதன் வேர் 'பத்'. அதனோடு 'ஸம்' என்னும் முன்னொட்டு சேர்ந்த 'ஸம்பஜ்ஜதி', ஒரு காரியம் கைகூடுவதைக் குறிக்கும். அதன் பிறவினையான 'ஸம்பாதேதி', அக்காரியத்தைக் கைகூடச் செய்வதைக் குறிக்கும். நிரம்பு என்பது நிரப்பு என்றும், திருந்து என்பது திருத்து என்றும் ஆவதைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இந்த உறவு எளிதில் பிடிபடும். (நாம் பணத்துக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்ட 'சம்பாதி'யும் இதே வேரிலிருந்து வடமொழி வழியாக வந்ததே.) ஈற்றிலுள்ள 'த' முன்னிலைப் பன்மை விகுதி. நிகழ்காலத்துக்கும் ஏவலுக்கும் பாலியில் இங்கே ஒரே வடிவம்தான் என்றாலும், 'துறவிகளே, உங்களிடம் சொல்கிறேன்' என்று விளித்த பின் வருவதால் இது ஏவலே என்பதில் ஐயமில்லை.

எதை நிறைவேற்றுவது? செயப்படுபொருளை மூலம் சொல்லவில்லை. 5ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் புத்தகோசர், நினைவு அகலாமல் எல்லாக் கடமைகளையும் நிறைவேற்றுங்கள் என்று விரிக்கிறாரே தவிர, முக்தி என்ற சொல்லை அவரும் அங்கே நுழைக்கவில்லை.

'அப்பமாத' என்பதை விடாமுயற்சி என்பதும் பொருந்தாது. களிப்பையும் மயக்கத்தையும் குறிக்கும் 'மத்' என்னும் வேரிலிருந்து பிறந்த 'பமாத' என்பது, மயங்கித் தன்னை மறக்கும் சோர்வு. அது இல்லாமையே 'அப்பமாத'. 'சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு' அளவிறந்த சினத்தினும் தீது என்று வள்ளுவர் தொடங்கும் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று பெயர். இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆகவே இத்தொடரை இனி வெளியிடும்போது, 'கூடி உருவான யாவும் அழியும் இயல்பின. பொச்சாவாமையோடு நிறைவேற்றுங்கள்' என்று மூலத்தை ஒட்டியே தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.